எந்த ஆவாரங்குளம்?

செப்டம்பர் 5, திங்கள்

மருந்து நேரம், சிறுநீர் அளவு, ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாவற்றையும் குறித்து வைக்க ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் நர்ஸம்மா. வாங்கினேன். முதல் நான்கு பக்கங்களில் அதைத்தான் குறித்திருக்கிறேன். ஐந்தாம் பக்கத்திலிருந்து இதையும் எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அறைந்துவிடுவேன்.

என் தம்பி கோமதிநாயகத்தை வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணாடி விரியன் கடித்தது. மோட்டார் போடப் போன இடத்தில், வலது பாதத்தில். அவனுக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு நாற்பத்தாறு. அவன் ஊரில் இருக்கிறான். நான் மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அன்றைக்கும் அவன் மனைவி செண்பகம் எனக்குத்தான் போட்டாள். சங்கரன்கோவில் ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. புளியங்குடியில் ஒரு தனியார் நர்சிங் ஹோம் வண்டியைப் பிடித்தேன். டிரைவருக்கு ஊரின் இருப்பிடத்தையும் போனில் அனுப்பினேன்.

வண்டி வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் தம்பியைக் கட்டிலில் படுக்கப் போட்டுக்கொண்டு எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கடைசியில் வைக்கோல் ஏற்றும் குட்டியானை வண்டியில் தூக்கிப் போட்டு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஆவாரங்குளம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் கரிசல்காட்டு ஊர். கடையநல்லூர் பக்கம் மலையடிவாரத்தில் இன்னொரு ஆவாரங்குளம் இருக்கிறது. அந்த டிரைவர் அங்கே போய் நின்றுகொண்டு, பாம்பு கடித்த ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறான். புளியங்குடியிலிருந்து இரண்டு ஊரும் எதிரெதிர்த் திசை.

அவன் பெயர் உச்சிமாகாளி. வெள்ளிக்கிழமை எங்கள் பெரியப்பா மகன்கள் நர்சிங் ஹோம் வாசலிலேயே அவனை அடித்துவிட்டார்கள். கேட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை. சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் என் கையாலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். உதடு வீங்கிப் போய் அவனும் அங்கே நின்றான்.

“யம்மா, நீங்க அனுப்புன லிங்க்லதான் போனேன். இந்தா பாருங்க” என்று போனை நீட்டினான்.

“பொய் சொல்லாத” என்றேன்.

இன்னும் என்னவோ சொன்னான். நான் காது கொடுக்கவில்லை. அவன் போனையும் பார்க்கவில்லை. என் போனைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.


செப்டம்பர் 7, புதன்

இரண்டாவது டயாலிசிஸ். சிறுநீர் நாள் முழுக்க நூற்றிருபது மில்லி. பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கி, விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர் சின்னப் பெண், நல்ல பெண். நின்று நிதானமாகப் பேசுகிறாள். செண்பகம் அவளிடம் கேட்டாள்: “ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதுல்லா டாக்டர்?”

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா. விரியன் கடியில சீக்கிரம் மருந்து போனா நல்லது. எவ்வளவு நல்லதுன்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாது.”

ஆறு வருடம் படித்துவிட்டு இதைத்தான் சொல்ல முடிகிறது. ஆம் என்றாவது சொல்லித் தொலைத்தால் அந்த டிரைவரை நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

கேன்டீன் சாம்பாரில் முழுப் பூசணிக்காய் வாசம். செண்பகம் சாப்பிடவில்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.


செப்டம்பர் 8, வியாழன்

இன்று கண்டதை எழுதி வைக்கிறேன்.

இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஆறு வருடமாக அதில் ‘கரிசல் இசக்கி’ என்ற பெயரில் எழுதி வருகிறேன். என் பெயர் இசக்கியம்மாள். ஆயிரத்து நூறு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கோயில்கள், ஆறுகள், பறவைகள் என்று என்னென்னவோ. அங்கே நான் யாருக்கும் அக்கா இல்லை, மைனி இல்லை.

இன்று விரியன் விஷத்தைப் பற்றிப் படிக்க அதைத் திறந்தேன். படித்து முடித்ததும் கை தானாக எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பக்கத்துக்குப் போனது. கீழே ஊர்களின் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான பெயர்கள் நீல நிறத்தில் இருக்கும், தொட்டால் அந்த ஊரின் கட்டுரைக்குப் போகலாம். ஆவாரங்குளத்தைத் தொட்டேன்.

மலை தெரிந்தது. பின்னால் பச்சை மலை, முன்னால் வாய்க்கால். எங்கள் ஊரில் மலை ஏது? கட்டுரையின் முதல் வரியில் ‘கடையநல்லூர் வட்டம்’ என்று இருந்தது.

அன்றைக்கு அவசரத்தில் நான் செய்ததும் இதுதான். நான் ஊரில் இல்லாததால் நின்ற இடத்திலிருந்து இருப்பிடம் அனுப்ப முடியாது. அதனால் இந்தப் பட்டியலைத் திறந்து, ஊர்ப் பெயரைத் தொட்டு, வந்த பக்கத்தின் ஓரத்தில் இருந்த வரைபடத்தின் லிங்க்கை எடுத்து அந்த டிரைவருக்கு அனுப்பினேன். ஆவாரங்குளம், தென்காசி மாவட்டம் என்று இருந்தது. இரண்டு ஊரும் அதே மாவட்டம்தானே, நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

எந்த மடையன் இந்த இணைப்பைக் கொடுத்தான்? எந்தச் சோம்பேறி? பெயருக்கு இந்தப் பக்கம் இரண்டு சதுர அடைப்பு, அந்தப் பக்கம் இரண்டு சதுர அடைப்பு. போட்டால் நீலம், வேலை முடிந்தது. எந்த ஊர் என்று தொட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்தைச் சேமித்த ஆளால் என் தம்பி விரல் கறுத்துக் கிடக்கிறான்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். அவன் லிங்க் பார்த்துத்தான் போனான் என்றே வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரைச் சொல்லி இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டாமா? அவன் மேல் இருக்கும் குற்றம் அப்படியேதான் இருக்கிறது.


செப்டம்பர் 9, வெள்ளி

கடையநல்லூர் ஆவாரங்குளம் கட்டுரையைத் தொடங்கியவர் ‘கௌதாரி’ என்ற பயனர். அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய் எழுதினேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பயனருக்கும் இப்படிப் பேசிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. நாகரிகமாக எழுதவில்லை. என் தம்பியின் பாதத்தின் நிறத்தை எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது:

“உங்கள் துயரம் கேட்டு மிகவும் வருந்துகிறேன். அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான். நான் மன்னாரில் இருப்பவள், தமிழ்நாட்டுப் பயணத்தின்போது அந்த ஊரைப் பார்த்து எழுதினேன். ஒன்றியப் பட்டியலில் இணைப்புக் கொடுத்தது நான் இல்லை. அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் யார், எந்த நாளில் கொடுத்தது என்று தெரியும். எங்கள் பகுதியிலும் ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர்கள் உண்டு. இந்தப் பிழையின் வலி எனக்கு விளங்கும்.”

இந்தத் தேன் தடவிய பேச்சுதான் எனக்கு ஆகாது. ‘விளங்கும் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா, உன் வீட்டில் யார் கால் அழுகிப் போகிறது’ என்று எழுதினேன். இன்னும் எழுதினேன். சாயங்காலம் நிர்வாகி ஒருவர் மூன்று நாட்களுக்கு என்னைத் தடை செய்துவிட்டார். படிக்கலாம், எழுத முடியாது.

தடை செய்யட்டும். ஆயிரத்து நூறு கட்டுரைக்குக் கிடைத்த மரியாதை இது.

ரத்தத்தில் கிரியாட்டினின் 6.8, சிறுநீரகம் இன்னும் தேறவில்லை.


செப்டம்பர் 11, ஞாயிறு

வரலாற்றைத் திறந்து பார்த்தேன்.

தம்பியின் லுங்கி இரண்டு, செண்பகத்தின் சேலை ஒன்று, துண்டு நான்கு துவைத்தேன். மாடியில் காயப்போட இடமில்லை. ஒரு கிழவி மொத்தக் கயிற்றையும் பிடித்துவைத்திருந்தாள். அவளோடு சண்டை போட்டேன். பிறகு அவள் துணியையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன்.


செப்டம்பர் 12, திங்கள்

பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். ஐந்து விரல்களும் போய்விட்டன. குதிகால் இருக்கிறது. “குதிகால் இருக்குறது பெரிய விஷயம், தனியா ஒரு செருப்பு செஞ்சு போட்டுக்கிட்டு நடக்கலாம்” என்றாள் சின்ன டாக்டர்.

தியேட்டர் வாசலில் செண்பகம் என் தோளில் சாய்ந்து, “அந்த டிரைவர் நாசமாப் போவான் மைனி” என்றாள்.

அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.


செப்டம்பர் 13, செவ்வாய்

தடை நீங்கிவிட்டது.

முதலில் எங்கள் ஊர்ப் பெயரைச் சரிசெய்தேன். அடைப்புக்குள் ‘ஆவாரங்குளம் (சங்கரன்கோவில்)’ என்று முழுப் பெயரைக் கொடுத்து, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்குப் பின் வெளியே தெரிய வேண்டிய பெயரை மட்டும் எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை. சேமித்ததும் பெயர் சிவப்பாக மாறியது. கட்டுரையே இல்லாத பெயர் சிவப்பாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊருக்குக் கட்டுரையே கிடையாது. ஆயிரத்து நூறு எழுதிய நான் என் ஊருக்கு ஒன்று எழுதவில்லை. பட்டியலில் நீலமாக இருந்ததால், யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் பட்டியலில் மற்ற பெயர்களைத் தொட்டேன். புதூர், வேறு வட்டத்துப் புதூருக்குப் போகிறது. மேலப்பட்டி, வேறு மாவட்டம். ஒரு கரிசல் ஊரைத் தொட்டால் காவிரிக் கரைக்குப் போகிறது. ஒன்றல்ல, இரண்டல்ல. இன்று நாற்பத்தொன்று திருத்தினேன்.


செப்டம்பர் 16, வெள்ளி

இன்று எழுபத்து மூன்று. தம்பி தூங்கும்போது செய்கிறேன். ஊசி போடும்போது செய்கிறேன். ஒவ்வொரு பெயரையும் தொட்டு, போகும் இடத்தைப் படித்து, வட்டத்தைச் சரிபார்த்து, திரும்பி வந்து மாற்றுகிறேன். கண் எரிகிறது.

செண்பகம் வெடித்துவிட்டாள். “எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கிட்டே இருக்கீய. ஒங்க தம்பி தண்ணி கேட்டு ரெண்டு மட்டம் கூப்புட்டாவ. அப்படி என்னதான் இருக்கு அதுல?”

“நீ ஒன் வேலையப் பாரு” என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு மூடிக்கொண்டான்.

கௌதாரியிடமிருந்து ஒரு செய்தி: “நீங்கள் திருத்துவதைப் பார்த்தேன். ‘ப’ தொடங்கி ‘ம’ வரை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?”

அவள் வரலாற்றைப் பார்த்திருப்பாள். முதலிலேயே பார்த்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் எழுதினேன்.


செப்டம்பர் 19, திங்கள்

பெரியப்பா மகன் சண்முகவேல் ஆப்பிளோடு வந்தான். நர்சிங் ஹோம் வாசலில் முதல் அடி அடித்தவன் அவன்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதை சொன்னான்.

“அந்தப் பயல வேலைய விட்டுத் தூக்கிட்டாவ யக்கா. நீ எழுதிக் குடுத்த கம்ப்ளைன்ட்டுதான் காரணம். வேற எவனும் சேக்கமாட்டேங்கானாம், பாம்பு கடிச்ச கேஸ விட்டவன்னு பேராயிப் போச்சு. இப்ப செங்கச் சூளையில லோடு ஏத்துதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

“எதுக்குல சிரிக்க?”

“என்னக்கா?”

“எதுக்குச் சிரிக்கன்னு கேட்டேன். ஒரு மனுசன் வேல போனா ஒனக்குச் சிரிப்பு வருதா? எந்திரி. ஆப்பிள எடுத்துக்கிட்டு வெளிய போ.”

அவன் செண்பகத்தைப் பார்த்தான். செண்பகம் என்னைப் பார்த்தாள். அக்காவுக்கு அலைச்சலில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் போய்ச் சொல்லுவான். சொல்லட்டும்.


செப்டம்பர் 21, புதன்

இந்த நோட்டில்கூட ஒளித்துக்கொண்டிருப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2019 ஜனவரியில் களஞ்சியத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு மாதத்தில் அதிக இணைப்புகள் கொடுப்பவருக்குப் பரிசு. நான் நான்காயிரத்துச் சொச்சம் கொடுத்து முதலாவதாக வந்தேன். நூலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். ஒன்றியப் பட்டியலைத் திறப்பேன், ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் இருபுறம் அடைப்பு போடுவேன், சேமிப்பேன். நீலமானவை கணக்கில் வரும். சிவப்பானவை வராது என்று விதி. அதனால் சிவப்பாக வந்ததையெல்லாம் எடுத்துவிடுவேன். எங்கே போகிறது என்று ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆவாரங்குளம் நீலமாக வந்தது. எங்கள் ஊர் நீலமாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

வரலாற்றில் இருந்தது: 24 ஜனவரி 2019, மதியம் 1:52, பயனர் கரிசல் இசக்கி.

நான் தேடிய மடையன், சோம்பேறி.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நான் இருப்பிடம் அனுப்பிய இரண்டாவது நிமிடம் உச்சிமாகாளி என்னைக் கூப்பிட்டான்.

“யம்மா, எந்த ஆவாரங்குளம்? கடையநல்லூர்ப் பக்கமா, சங்கரன்கோவில் பக்கமா?”

“லிங்க் அனுப்பியிருக்கேன்ல? படிக்கத் தெரியாதா? அதப் பாத்துப் போய்யா, உயிரு போய்க்கிட்டிருக்கு” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதன்பின் அவன் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். நான் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கூப்பிட்டது என் போனில் இன்னும் இருக்கிறது. புகார் எழுதிய அன்றைக்கும் இருந்தது.

ஸ்டேஷனில் அவன் ‘இன்னும் என்னவோ சொன்னான்’ என்று எழுதியிருக்கிறேன். அவன் சொன்னது இது: “நான் கேட்டேன்லா யம்மா, எந்த ஊருன்னு கேட்டேன்லா.”

கோபம் குறையும் என்று நினைத்து எழுதினேன். குறையவில்லை.


செப்டம்பர் 24, சனி

பட்டியல்கள் முடிந்தன. கௌதாரி இருநூற்றுப் பதினாறு, நான் முந்நூற்று எண்பது. களஞ்சியத்தின் பொது ஆலமரத்தடியில், எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு அப்படித்தான் பெயர், இன்று எழுதிப் போட்டது இது. நோட்டிலும் பிரதி எடுத்துவைக்கிறேன்.

“ஊர்ப் பெயருக்கு இணைப்புக் கொடுப்பவர்களுக்கு. நீங்கள் அடைப்பு போடும் பெயரில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சேமிப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். போன இடத்தில் வட்டத்தையும் மாவட்டத்தையும் படியுங்கள். நம் நாட்டில் புதூர் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் இரண்டையும் சொல்லும் ஒரு வழிகாட்டிப் பக்கம் செய்யுங்கள், முதலில் எழுதப்பட்ட ஊருக்குப் பெயர் சொந்தம் என்று விடாதீர்கள். கட்டுரை இல்லாத ஊர் என்றால் சிவப்பாகவே விடுங்கள். சிவப்பைப் பார்த்தால் யாராவது எழுத வருவார்கள். தப்பான நீலத்தைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். மதுரைக்கும் சென்னைக்கும் ஒரே கட்டுரையில் இருபது இணைப்பு கொடுப்பதை நிறுத்துங்கள், அவற்றைத் தேடி யாரும் தொலைந்துபோவதில்லை. இணைப்புகளை எண்ணிப் பரிசு கொடுக்கும் போட்டியை இனிமேல் வைக்காதீர்கள். 2019இல் அதில் முதல் பரிசு வாங்கியவள் நான். அந்த மாதம் நான் கொடுத்த நான்காயிரம் இணைப்புகளில் ஒன்றையும் நம்ப வேண்டாம். அதில் ஒன்றை நம்பி ஓர் ஆம்புலன்ஸ் எதிர்த் திசையில் போனது.”

நான்கு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர், போட்டியைக் குறை சொல்வது ஆர்வத்தைக் கெடுக்கும் என்றார். அவருக்கு இரண்டு பத்தி பதில் எழுதி, அழித்துவிட்டேன்.

முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபம். மூன்றடி தள்ளி என் தம்பி படுத்திருக்கிறான். அவனிடம் சொல்லவில்லை.


செப்டம்பர் 28, புதன்

சொல்லிவிட்டேன்.

செண்பகம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். தம்பிக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் நன்றாகப் போகிறது. டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் தலையணையில் சாய்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, பட்டியல், வரைபடம், டிரைவர் கேட்ட கேள்வி, நான் கத்தியது, எடுக்காத மூன்று அழைப்புகள். களஞ்சியம் என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆறு வருடமாக நான் அதில் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

கொய்யாவை வைத்துவிட்டான்.

“அந்த டிரைவர சண்முகவேலுதான அடிச்சான்?”

“ஆமா.”

“எத்தன பேரு முன்னால?”

“தெரியல. வாசல்லன்னு சொன்னான்.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“பதினொண்ணாந்தேதி.”

“எங் கால வெட்டுனதுக்கு முந்துன நாளா?”

“ஆமா.”

“அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவன் செங்கல் சொமக்கான். நீ இங்க இருந்து எனக்குக் கஞ்சி ஊட்டுத.” குரல் உயரவில்லை. “போயி அவனுக்கு என்ன செய்யணுமோ செஞ்சிட்டு வா. பொறவு எங்கிட்டப் பேசு.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாதி பாதத்தோடு திரும்ப அவனுக்கு நேரமானது. உதவப் போன கையைத் தட்டிவிட்டான்.


அக்டோபர் 1, சனி

காலையில் ஸ்டேஷன். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், நான் அனுப்பிய இருப்பிடமே தவறு என்றும், டிரைவர் கேட்டும் நான் பதில் சொல்லவில்லை என்றும் எழுதிக் கையெழுத்து போட்டேன். எழுத்தர் படித்துவிட்டு, “இப்படியெல்லாம் எழுத வேண்டாம்மா, சமரசம்னு போட்டாப் போதும்” என்றார்.

“சமரசம் இல்ல சார். தப்பு என்னோடது.”

“உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்.”

“வரட்டும்.”

மத்தியானம் உச்சிமாகாளியின் வீட்டைத் தேடிப் போனேன். புளியங்குடிக்கு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. அவன் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் சுளகை வைத்துவிட்டு எழுந்தாள்.

“இன்னும் என்னவாம்? ஆளு ஒங்களுக்கு உயிரோட இருக்கதுதான் கொறையா?”

அவன் உள்ளேயிருந்து வந்தான். கையெல்லாம் செம்மண். உதட்டின் மேல் தையல் போட்ட தழும்பு. காலையில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததன் பிரதியைக் கொடுத்தேன். வாசித்தான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அன்றைக்கு நான் ‘படிக்கத் தெரியாதா’ என்று கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது.

“மன்னிச்சிரு தம்பி” என்றேன்.

“மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்மா.” தாளை மடித்துப் பையில் வைத்தான். “நான் மூணு வருசமா அந்த வண்டி ஓட்டுனேன். நாப்பது பிரசவம் கொண்டு போயிருக்கேன். ஒரு கேஸுக்கு லேட்டாப் போனதில்ல. நடு வாசல்ல போட்டு மிதிச்சாவ. நர்ஸுப் புள்ளைக, பார்மசிக்காரரு, டீக்கடை, எல்லாரும் பாத்தாவ. நீங்க இங்க வந்து எம் பொண்டாட்டி முன்னால மெதுவாச் சொல்லிட்டுப் போனா ஆச்சா? எங்க அடிச்சாவளோ அங்க வந்து சொல்லுங்க. அடிச்சவனையும் கூட்டிட்டு வாங்க.”

“வாரேன்” என்றேன்.

“வாரேன்னு சொல்லாதீய. என்னைக்குன்னு சொல்லுங்க.”

“திங்கக்கிழமை, பத்து மணிக்கு.”

அவன் மனைவி தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.


அக்டோபர் 3, திங்கள்

சண்முகவேல் வரமாட்டேன் என்றான். “நீ வரலன்னா நான் ஸ்டேஷன்ல போயி ஒம் பேர எழுதிக் குடுப்பேன், அடிச்சது நீதான்னு” என்றேன். வந்தான். வண்டியை ஓட்டிக்கொண்டே வழியெல்லாம் என்னைத் திட்டினான். ஊர் மானத்தை வாங்குகிறேன் என்றான். படிச்ச திமிர் என்றான்.

பத்து மணிக்கு நர்சிங் ஹோம் வாசலில் உச்சிமாகாளி வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். மனைவியும் வந்திருந்தாள். டீக்கடையில் ஏழெட்டுப் பேர். நர்ஸ்கள் படியில் நின்றார்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் கத்தலாகத்தான் வந்தது. எனக்கு அப்படித்தான் வரும்.

“செப்டம்பர் ஒண்ணாந்தேதி எந் தம்பிக்குப் பாம்பு கடிச்சது. இந்த டிரைவருக்குத் தப்பான ஊர அனுப்புனது நான். எந்த ஊருன்னு அவர் கேட்டார். நான் பதில் சொல்லாமத் திட்டிப் போன வச்சேன். திரும்ப மூணு தடவ கூப்பிட்டார், எடுக்கல. இங்க வச்சு இவர அடிச்சது அநியாயம். நான் குடுத்த புகார் பொய். இவர் மேல ஒரு தப்பும் கிடையாது.”

டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார்.

சண்முகவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் முழங்கையை இடித்தேன். “தப்புதான்” என்றான், யாருக்கோ சொல்வதுபோல்.

“சத்தமாச் சொல்லுங்க” என்றாள் உச்சிமாகாளியின் மனைவி.

“தப்புதாங்க. அடிச்சிருக்கக் கூடாது.”

நர்சிங் ஹோம் மேனேஜரிடம் போய் இவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். புது ஆள் போட்டாச்சு, யோசிக்கலாம் என்றார். மேஜையில் கையை ஓங்கித் தட்டினேன், பேனா ஸ்டாண்ட் கவிழ்ந்தது. உச்சிமாகாளியே வந்து என்னை வெளியே கூட்டிப் போனான்.

“போதும்மா. வேல குடுத்தா ஓட்டுவேன், குடுக்காட்டி வேற எடம் பாப்பேன். இப்ப யாரும் என்னைய அந்தக் கேஸ விட்டவன்னு சொல்ல மாட்டான்லா.”

கையெடுத்துக் கும்பிடப் போனேன். அதற்குள் அவன் மனைவியை ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பிவிட்டான்.


அக்டோபர் 4, செவ்வாய்

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் செண்பகத்திடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே ஊரிலிருந்து கேள்விப்பட்டிருந்தாள். என் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. “வீட்டுக்குப் போங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். இனி வர வேண்டாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். லாட்ஜில் தங்கினேன்.

காலையில் துணிமணியைப் பையில் எடுத்துக்கொண்டு, மதுரைக்குப் போகும் முன் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்கு வந்தேன். தம்பி கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வலியில் முகம் வியர்த்திருந்தது. செண்பகம் டிபன் வாங்கப் போயிருந்தாள்.

“சொல்லிட்டியா?” என்றான்.

“சொல்லிட்டேன்.”

“சண்முகவேலுமா?”

“ஆமா.”

பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை வைத்தார், அணைத்தார்.

“யக்கா, எனக்கு ஒம் மேல கோவம் இருக்கு. ரொம்ப இருக்கு. எப்பப் போகும்னு தெரியாது. செண்பகத்துக்கு அதவிட இருக்கு.” பாதத்தை மறுபடி ஊன்றினான். “அதுக்காவ நீ போயிராத. நடக்கும்போது ஒரு ஆளு பிடிக்கணும்.”

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவன் கையை என் தோளில் போட்டுக்கொண்டான். கனமாக இருந்தான். நான்கு எட்டு நடந்தோம்.